சரக்கு திரும்பி வரும் வழக்கு வேறு, வரி வழக்கு வேறு

பர்கூர் ஜவுளிக்காரர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். வரித்துறை ஆட்கள் குடோனுக்கு வந்து சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அடுத்த நாளே நம்மவர்கள் எல்லோரும் ஒரே வேலையில் இறங்குகிறார்கள். நான் வரி ஏய்க்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்கிற வேலை. பழைய பில்களைத் தேடுவார்கள், சூரத் பார்ட்டிக்கு போன் போடுவார்கள், ஆடிட்டர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். தேவைதான். ஆனால் எடுத்துப் போன சரக்கை எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தேதிக்குள் திருப்பிக் கேட்கலாம் என்று ஒருவரும் கேட்பதில்லை. வரி உண்டா இல்லையா என்பது வருடக்கணக்கில் நடக்கும். தீபாவளிக்கு வாங்கிய சேலை அதுவரை தாங்காது. டிசைன் பழசாகிவிட்டால் பாதி விலைக்குக்கூடப் போகாது.

நான் என் சித்தப்பா கடையில் கணக்கு பார்க்கிறேன். மொத்த வியாபாரம், சேலைதான் முக்கியம். சூரத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் சரக்கு வரும். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர், அந்தப் பக்கம் குப்பம் வரைக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், வெளியூரிலிருந்து ஒரு சோதனைக் குழு வந்தது. எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. மாலை வரை எண்ணினார்கள். கணக்கில் இருப்பதைவிட ஸ்டாக் அதிகமாக இருக்கிறது என்றார்கள்.

மொத்த ஜவுளிக் கடையில் எந்த நாளில் எண்ணினாலும் புத்தகமும் குடோனும் துல்லியமாக ஒத்துப்போகாது. காலையில் லாரி ஷெட்டிலிருந்து வந்த பேல் இன்னும் பதிவேறியிருக்காது. சில்லறைக் கடைக்காரர் மாற்றித்தரச் சொல்லி அனுப்பிய ரிட்டர்ன் மூட்டை ஒரு மூலையில் கிடக்கும், அதற்கான கிரெடிட் நோட் அடுத்த வாரம்தான் போடுவோம். பில் போட்டு, பணமும் வாங்கி, நாளைக்கு வண்டி வரும் என்று பார்ட்டி விட்டுப்போன மூட்டைகள் வேறு. அதெல்லாம் நம் சரக்கே இல்லை. இதை நாங்கள் சொன்னோம். எழுதிக்கொண்டார்களா என்றால், சோதனை விவரத்தை எழுதும் பத்திரமான மகஜரில் ஒரு வரி கூட இல்லை.

ஜி.எஸ்.டி சட்டத்தின் 67ஆம் பிரிவுப்படி ஒரு இடத்தைச் சோதனை போட இணை ஆணையர் அல்லது அதற்கு மேலான அதிகாரி எழுத்தில் அனுமதி தந்திருக்க வேண்டும். அந்த அனுமதிக் கடிதம் ஐ.என்.எஸ்-01. சரக்கைக் கைப்பற்றினால் ஐ.என்.எஸ்-02 என்கிற உத்தரவு தர வேண்டும். எல்லாவற்றையும் தூக்கிப்போக முடியாவிட்டால் அங்கேயே வைத்து சீல் போட்டு, அனுமதியில்லாமல் தொடக்கூடாது என்று ஐ.என்.எஸ்-03 தருவார்கள். எங்களுக்கு இரண்டும் நடந்தது. ஒரு பகுதியை வண்டியில் ஏற்றினார்கள், மீதியைப் பின் அறையில் பூட்டி சீல் வைத்தார்கள். இந்தத் தாள்களில் உள்ள தேதிதான் பின்னால் நம் உயிர். அன்றைக்குக் களைப்பிலும் பயத்திலும் இருக்கும்போது, தேதியும் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. பார்த்தே ஆக வேண்டும். 'சேலை, 40 மூட்டை' என்று எழுதியிருந்தால் போதாது. எந்த ரகம், மூட்டைக்கு எத்தனை, என்ன விலை என்று அங்கேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், கையெழுத்துப் போடும் இடத்தில் உங்கள் கையாலேயே ஆட்சேபத்தை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, நமக்கும் அதிகாரிகளுக்கும் சம்பந்தமில்லாத இரண்டு பேராவது இருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சோதனை விதிகள் இதற்கும் பொருந்தும் என்று 67ஆம் பிரிவே சொல்கிறது.

அப்புறம் சித்தப்பாவின் அலைச்சல் தொடங்கியது. அவர் அலுவலகத்துக்குப் போவார், காத்திருப்பார், யாராவது ஒருவர் "பெரியவர் மீட்டிங்ல இருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்பார். திரும்பி வந்து, "நல்லாத்தான் பேசுனாங்க, கொடுத்துருவாங்கன்னு நினைக்கிறேன்" என்று சொல்வார். எழுத்தில் கேட்கலாம் சித்தப்பா என்றால் அவருக்குப் பிடிக்காது. "லெட்டர் எல்லாம் கொடுத்தா கோவப்படுவாங்கடா. நாளைக்கு இவங்க முகத்துலதானே முழிக்கணும்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்து வியாபாரி எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. கடிதம் கொடுப்பது சண்டைக்குப் போவது என்று நினைக்கிறோம். ஆனால் வாயால் கேட்டதற்கு நீதிமன்றத்தில் ஒரு காசு மதிப்பில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கே ஆதாரம் இருக்காது.

கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம். வயதானவர், பழைய விற்பனை வரிக் காலத்திலிருந்து இந்த வழக்குகளை நடத்துகிறவர். சித்தப்பா பில் கட்டுகளை மேசையில் வைத்ததும் அவற்றை ஓரமாக நகர்த்திவிட்டு, "அண்ணே, வரியைப் பத்தி அப்புறம் பேசலாம். சரக்கை எடுத்த தேதி என்ன?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியில்தான் விஷயம் புரிந்தது.

67ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு சொல்வது இதுதான். சரக்கைக் கைப்பற்றிய ஆறு மாதத்துக்குள் அது தொடர்பாக நோட்டீஸ் தரவில்லை என்றால், யாரிடமிருந்து எடுத்தார்களோ அவரிடமே திருப்பித் தர வேண்டும். போதுமான காரணம் இருந்தால் அதிகாரி இன்னும் ஆறு மாதம் வரை நீட்டிக்கலாம், அவ்வளவுதான். அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவு, இந்த ஆறு மாதம் முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம் என்கிறது. பத்திரம் எழுதிக் கொடுத்து, ஜாமீன் வைத்து, இடைக்காலமாகச் சரக்கை வாங்கிக்கொள்ளலாம். கைப்பற்றிய சரக்கு இன்னும் நம்முடையதுதான், பறிமுதல் உத்தரவு வந்தால்தான் அரசுக்குப் போகும். இதையெல்லாம் விட்டுவிட்டு வரி ஏய்ப்பு இல்லை என்று மட்டும் வாதாடிக்கொண்டிருந்தால், மீட்கிற வழி இருந்தும் சரக்கு அங்கேயே மக்கும்.

இடைக்கால விடுவிப்புக்கு என்ன ஜாமீன் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். விதி 140 தெளிவாக இருக்கிறது. பத்திரம் சரக்கின் முழு மதிப்புக்கு. அது ஐ.என்.எஸ்-04 படிவம், தாள்தான். வங்கி உத்தரவாதம் மட்டும் கட்ட வேண்டிய வரி, வட்டி, அபராதம் ஆகியவற்றின் கூட்டுத்தொகைக்கு. எங்கள் சரக்கை 18 லட்சம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். சேலைக்கு வரி 5 சதவீதம், 90,000 ரூபாய். ஏய்ப்பு என்றே வைத்துக்கொண்டாலும் அதே அளவு அபராதம், இன்னொரு 90,000. வருடத்துக்கு 18 சதவீத வட்டியைச் சேர்த்தாலும் இரண்டு லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கும். நாங்கள் விண்ணப்பம் கொடுத்து வெகு நாள் கழித்து வந்த பதில் என்ன தெரியுமா? 18 லட்சத்துக்கும் வங்கி உத்தரவாதம் கொண்டு வா என்று. அவ்வளவு தொகைக்கு டெபாசிட் போட வசதி இருந்தால் சித்தப்பா ஏன் கடன் வாங்கி சீசன் சரக்கு இறக்கப் போகிறார்? விதி 140-ஐ மேற்கோள் காட்டி மறுபடி எழுதினோம். பதில் இல்லை. தீபாவளி போய்விட்டது. பொங்கலும் போய்விட்டது.

இந்த இடத்தில் நான் ஒன்றை மனதாரச் சொல்ல வேண்டும். போலி பில் போட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களால் ஒழுங்காக வரி கட்டுகிறவன்தான் அடிபடுகிறான். சோதனை வேண்டாம் என்று எந்த நேர்மையான வியாபாரியும் சொல்ல மாட்டான். ஆனால் ஒரு சிறு வியாபாரியின் சரக்கை ஒரு சீசன் முழுக்க வைத்துக்கொள்வது, விசாரணை முடிவதற்கு முன்னாலேயே தண்டனை கொடுப்பதுதான். கடைசியில் தப்பே இல்லை என்று தீர்ந்தாலும் அந்தத் தீபாவளி திரும்ப வராது. எங்கள் கடையில் வேலை பார்த்த இரண்டு பையன்கள் அந்த வருடம் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். சித்தி அடகு வைத்த நகை மீட்க வெகுகாலம் ஆனது. இதெல்லாம் எந்த உத்தரவிலும் எழுதப்படாது.

தை மாதத்தில் ஆறு மாதம் முடிந்தது. நோட்டீஸும் வரவில்லை, நீட்டிப்பு உத்தரவும் வரவில்லை. மறுநாளே, 67(7)-ஐக் குறிப்பிட்டு, கைப்பற்றிய தேதியையும் ஆறு மாதம் முடிந்த தேதியையும் எழுதி, சரக்கைத் திருப்பித் தரக் கோரி ஒரு பக்கக் கடிதம் தயார் செய்தோம். வரியைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. வக்கீல் அதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்கினோம், ஒப்புகையோடு தபாலிலும் அனுப்பினோம், மின்னஞ்சலிலும் அனுப்பினோம். பிறகு ஒரு நீட்டிப்பு உத்தரவு வந்தது, தேதி ஆறு மாதம் கடந்த பிறகு. நம்மைக் கேட்காமலே போட்டது. கெடு முடிந்ததும் சரக்கைத் திரும்பப் பெறும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது. அந்த உரிமையைத் தள்ளிப்போடும் நீட்டிப்பை, உரியவரைக் கேட்காமல் அதிகாரி தன் இஷ்டத்துக்குப் போட முடியாது என்று சுங்கச் சட்ட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 110ஆம் பிரிவும் ஜி.எஸ்.டி 67(7)-உம் கிட்டத்தட்ட ஒரே வாசகம்.

சரக்கைத் தரும்படி துறைக்கு உத்தரவிடக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டோம். கிருஷ்ணகிரி, தருமபுரிக்கு மதுரைக் கிளை இல்லை, சென்னைதான். கெடுவுக்குள் நோட்டீஸ் இல்லை, எனவே சரக்கைத் திருப்பித் தர வேண்டும், வரி நிர்ணய நடவடிக்கையைத் தொடரத் தடையில்லை என்று உத்தரவு வந்தது. இரண்டும் ஒரே உத்தரவில் இருப்பதைப் பாருங்கள். வரி வழக்கில் நாங்கள் எதையும் ஜெயிக்கவில்லை, சரக்கு மட்டும் வந்தது. எங்கள் வழக்கு முடிந்த பிறகு, 2025 செப்டம்பரில், ஜதின் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே, 2018 திருத்தத்துக்கு முன்பிருந்த சுங்கச் சட்டத்தை வைத்து, இன்னும் உறுதியாகச் சொன்னது. இடைக்காலமாகச் சரக்கை விடுவித்திருந்தாலும் கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கும், கெடுவுக்குள் நோட்டீஸ் வராவிட்டால் நிபந்தனை எதுவும் இல்லாமல் திருப்பித் தர வேண்டும் என்று.

சரக்கை வாங்கப் போனபோது மூட்டைகளைப் பிரிக்கவிடாமல், முதலில் ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வக்கீல் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். பிரித்து எண்ணி, வீடியோ எடுத்து, எது நனைந்திருக்கிறது, எது குறைகிறது என்று ரசீதிலேயே எழுதி, 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டார் சித்தப்பா. சில மூட்டைகளில் மழைத் தண்ணீர் இறங்கி மடிப்பு மடிப்பாகக் கறை. சில உருப்படிகள் இல்லவே இல்லை.

இப்படிக் கெட்டுப்போனதற்கும் காணாமல் போனதற்கும் அரசு பொறுப்பா என்று கேட்டபோது வக்கீல் மூன்று பழைய வழக்குகளைச் சொன்னார். எனக்கு அவை மறக்கவே இல்லை. 1947 செப்டம்பரில், அமிர்தசரஸ் நகைக் கடையைச் சேர்ந்த ஒருவர் தங்கமும் வெள்ளியும் விற்க மீரட்டுக்குப் போகிறார். போலீஸ் சந்தேகப்பட்டுப் பிடித்து, 103 தோலாவுக்கு மேல் தங்கத்தையும் வெள்ளியையும் எடுத்து வைக்கிறது. பிறகு வெள்ளி திரும்பி வந்தது, தங்கம் வரவில்லை. கைப்பற்றிய பொருள்களை வைக்கும் மால்கானா அறையின் பொறுப்பிலிருந்த தலைமைக் காவலரே அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். கஸ்தூரிலால் வழக்கு என்று பெயர். 1964-இல் உச்ச நீதிமன்றம், கைது செய்வதும் சொத்தைக் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மைச் செயல், அதில் நடந்த தவறுக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வியாபாரியின் குடும்பத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

மூன்று வருடம் கழித்து, 1967-இல், ஜூனாகத் சுங்க அதிகாரிகள் பிடித்து வைத்த லாரிகளின் வழக்கு வந்தது. மேல்முறையீட்டில் வண்டிகளைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வாங்கிக்கொண்டு உரிமையாளர் போனால், உரிமை கோராத சொத்து என்று அவற்றை ஏற்கெனவே விற்றுவிட்டிருக்கிறார்கள். இதில் உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. கைப்பற்றிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம் என்பதால், அதுவரை பத்திரமாக வைத்திருக்கும் கடமை அரசுக்கு உண்டு, முடியாவிட்டால் மதிப்பைக் கொடு என்றது. 1994-இல் நாகேந்திர ராவ் வழக்கு. ஆந்திராவில் ஒரு வியாபாரியிடமிருந்து உரமும் தானியமும் கைப்பற்றி, விற்கவும் செய்யாமல், கவனிக்கவும் செய்யாமல் வைத்திருந்ததில் சரக்கு கெட்டுப்போனது. அலட்சியத்துக்கு அரசு பொறுப்பு என்று தீர்ப்பு. அரசுக்கு எதிராகச் சிவில் வழக்குப் போட, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தர வேண்டும். அந்த வழக்கு நிற்க வேண்டுமென்றால் எடுத்த அன்று எழுதிய மகஜரையும், வாங்கிய அன்று எழுதிய ரசீதையும் ஒப்பிட்டால் என்ன குறைந்தது, என்ன கெட்டது என்று தெரிய வேண்டும். விவரம் இல்லாமல் 'சேலை, 40 மூட்டை' என்றிருந்தால் என்ன நிரூபிக்க முடியும்?

குடோன் விஷயம் இப்படி. சாலையில் லாரியைப் பிடித்தால் சட்டம் வேறு, 129ஆம் பிரிவு. அங்கே கெடு மிகக் குறுகியது. நிறுத்திய ஏழு நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த ஏழு நாளுக்குள் உத்தரவு. அபராதம் கட்ட உரிமையாளர் முன்வந்தால் 2022 ஜனவரி 1 முதல் வரியின் இரண்டு மடங்கு அபராதம். முன்வராவிட்டால் சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியின் இரண்டு மடங்கு, எது அதிகமோ அது. அதனால் டிரைவரை அங்கே விட்டுவிட்டுப் பேசாமல் இருக்கக் கூடாது. பில்லோடு போகும் சரக்குக்கு அனுப்புகிறவரையோ பெறுகிறவரையோ உரிமையாளராகக் கருத வேண்டும் என்று 2018 டிசம்பர் 31 சுற்றறிக்கை சொல்கிறது. பெயரில் எழுத்துப் பிழை, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கப் பிழை போன்ற சின்னத் தவறுகளுக்கு 129-ஐப் போடக்கூடாது, மத்திய, மாநில வரிக்குத் தலா 500 ரூபாய் அபராதம் மட்டும் என்று 2018 செப்டம்பர் 14 சுற்றறிக்கை சொல்கிறது. இதன் நகலை டிரைவரிடம் கொடுத்து வையுங்கள். ஓசூர் வழியாகப் பெங்களூரு போகிற எங்கள் வண்டி எல்லாவற்றிலும் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. வண்டியை அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் சரக்கு வண்டிக்கான மின்னணு வழிச்சீட்டான இ-வே பில் தளத்தில் இ.டபிள்யூ.பி-04 படிவத்தில் பதிவு செய்யலாம். இது பலருக்குத் தெரியாது.

ஐதராபாத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேப்பர் ஏற்றிய ஒரு சின்ன வண்டி போராட்ட ஊர்வல நெரிசலில் மாட்டி, இ-வே பில் நேரம் தாண்டிவிட்டது. பிடித்த அதிகாரி சரக்கை ஒரு உறவினர் வீட்டில் இறக்கி வைத்து, வரியும் அபராதமுமாக 69,000 ரூபாய் வசூலித்தார். சத்யம் சிவம் பேப்பர்ஸ் வழக்கு. தெலங்கானா உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி 10,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. துறை உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் அங்கே இன்னும் 59,000 சேர்த்து விதித்தார்கள். உங்கள் சரக்கை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அவசரத்துக்குப் பணத்தைக் கட்டி லாரியை மீட்டாலும் உத்தரவை விடாதீர்கள். 'பணம் கட்டிட்டீங்கல்ல, எல்லாம் முடிஞ்சுது' என்று சொல்லி எம்.ஓ.வி-09 என்கிற அபராத உத்தரவைத் தராமல் அனுப்பிவிடுவார்கள். உத்தரவு இல்லாவிட்டால் மேல்முறையீடு இல்லை. கர்நாடகத்திலிருந்து போன பாக்கு லோடு ஒன்றை உத்தரப் பிரதேசத்தில் பிடித்த வழக்கில், பணம் கட்டி விடுவித்திருந்தாலும் காரணங்களோடு உத்தரவு போட்டே ஆக வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். முன்பணம் முன்பு அபராதத்தில் 25 சதவீதமாக இருந்தது, 2025 அக்டோபர் 1 முதல் 10 சதவீதம்.

சோதனை நடக்கும்போதே ராத்திரியோடு ராத்திரியாக, தானாக முன்வந்து வரி கட்டுவதற்கான டி.ஆர்.சி-03 படிவத்தில் பணம் கட்டச் சொல்லி வற்புறுத்தினாலும் பணிய வேண்டியதில்லை. சோதனையின்போது கட்டாயப்படுத்தி வசூலிக்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2022 மே 25-இல் அறிவுறுத்தல் போட்டிருக்கிறது. மாங்கூழ், தக்காளி மாதிரி கெடக்கூடிய சரக்கு என்றால் விதி 141 இருக்கிறது. சந்தை விலை அல்லது வரி, வட்டி, அபராதத் தொகை, எது குறைவோ அதைக் கட்டினால் உடனே விடுவிக்க வேண்டும். மாங்கூழ் ஆலைக்காரர்கள் சீசனுக்கு முன்பே இதைத் தங்கள் ஆடிட்டரிடம் பேசி வைப்பது நல்லது.

எங்கள் வரி வழக்கு இன்னும் நடக்கிறது. ரிட் உத்தரவுக்குப் பிறகு, ஏய்ப்பு என்று சொல்லி வரி கேட்கும் 74ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தது. ரிட்டர்ன் மூட்டை, பார்ட்டி விட்டுப்போன மூட்டை எல்லாவற்றுக்கும் டெலிவரி சலானும் பில்லும் வைத்துப் பதில் கொடுத்திருக்கிறோம். ஸ்டாக் அதிகம் என்பதற்காகவே பறிமுதல் பிரிவைப் போட முடியாது, வரி நிர்ணயம்தான் செய்ய முடியும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்புகளையும் இணைத்திருக்கிறோம். நனைந்த சேலைகளுக்கும் குறைந்த உருப்படிகளுக்கும் தனியாக முன்னறிவிப்பு அனுப்பியாகிவிட்டது. அந்தக் கடிதத்தில் வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.